மின்னஞ்சல் நகல்களை எத்தனை நாள் வைப்பது?

ஆர்டர், விலைப்பட்டியல், பில் ஆகிய யாவும் இன்று மின்னஞ்சலில்தான் வந்து போகின்றன. நம்மில் சிலர் கடைக்கென்று சொந்தமாகவே மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். கிட்டங்கியில் எந்த மூட்டையை எங்கே அடுக்குவது, எதை முதலில் வெளியேற்றுவது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் சர்வர் டிஸ்க்கில் எதை எத்தனை நாள் வைப்பது என்ற விஷயத்தை மட்டும் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டு நஷ்டப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் என் மளிகைக் கடைக்கு ஒரு திங்கட்கிழமை முதல் ஆர்டர் வருவது நின்றுபோயிற்று. வியாபாரம் மந்தம் போலும் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை ஓர் உணவுக்கடைக்காரர் போன் செய்து, "என்ன நானா, மூன்று மெயில் போட்டும் சரக்கு வரவில்லையே!" என்றார். தம்பியை அழைத்துப் பார்த்தால், டிஸ்க்கில் ஓர் அணு இடமில்லை. இடத்தை விழுங்கியவை கடிதங்கள் அல்ல. கடிதங்களைக் காப்பதற்காக எடுத்துவந்த நகல்கள்!

நகல் இரு வகை. வாரம் ஒருமுறை எடுப்பது முழு நகல். மற்ற நாட்களில் முந்தின நகலுக்குப் பின் வந்த மாற்றங்களை மட்டும் எடுப்பது அன்றாட நகல். எங்கள் கடிதங்கள் மொத்தம் 40 ஜிகாபைட். நாளொன்றுக்குச் சேருவது ஏறக்குறைய 1 ஜிகாபைட். ஒரு மாத நகல்களை வைத்திரு என்று சர்வருக்குக் கட்டளை. மாதத்தில் ஐந்து முழு நகல் விழுந்தால் 200, அன்றாட நகல்கள் 26, கடிதங்கள் 40, ஆக 266. எங்கள் டிஸ்க்கோ 250 தான். தொடக்கத்தில் கடிதங்கள் 20 ஜிகாபைட்டாக இருந்தபோது இதே கட்டளைக்கு 146 போதுமானதாக இருந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. பில்லைப் படம் பிடித்து அனுப்பும் வழக்கம் பெருகிற்று, அவ்வளவுதான். கடிதங்கள் ஒரு பங்கு வளர்ந்தால் நகல்கள் ஐந்து பங்கு வளரும் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

இடமில்லாத சர்வர், வரும் கடிதத்தை 452 என்ற எண்ணைச் சொல்லி, "பிறகு வா" என்று திருப்பும். அனுப்பிய சர்வர் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் சாதாரணமாக ஐந்து நாள் அவகாசம் உண்டு. ஆகவே இடம் கிடைத்ததும் எங்கள் ஆர்டர்கள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேர்ந்தன. அதோடு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இராது.

அவசரத்தில் நான் தம்பியிடம், "பெரியதாகப் பார்த்து இரண்டை அழித்துவிடு" என்றேன். பெரியவை முழு நகல்கள் அல்லவா! முழு நகல் என்பது பாக்கி கட்டி முடித்த பேரேடு. அன்றாட நகல் அதற்குப் பின் எழுதிய குறிப்பேடு. முன்பாக்கி தெரியாத குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கப்பிள்ளையும் இருப்புச் சொல்ல முடியாது. முழு நகல் போகவே, அந்த இரு வாரத்து அன்றாட நகல்களும் வீணாயின. அடுத்த வாரம் ஏலக்காய் அனுப்பியவர், பேசிய விலைக்கு மேல் பில் போட்டார். அவர் விலை ஒப்பிய கடிதம் ஒரு புதன்கிழமை வந்து, வெள்ளிக்கிழமை கடைப்பையனால் தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தது. அது இருந்திருக்கக்கூடிய நகல் நான் பாழாக்கிய வாரத்தைச் சேர்ந்தது. வாய் பேசாமல் பணத்தைக் கட்டினேன்.

இப்பொழுது இரண்டு வாரத்து நகல்கள்தான் வைக்கிறோம். அதற்கு மூன்று முழு நகல் வேண்டும். புது நகல் எடுத்து முடிந்த பிறகே பழைய வாரம் முழுவதையும் ஒன்றாகக் கழிக்க வேண்டும், முன்னதாகக் கழித்தால் நடுவில் கையில் ஒன்றுமிராது. மூன்று முழு நகலுக்கு 120, அன்றாட நகல்களுக்குச் சற்றேறக்குறைய 15. இவற்றைத் தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறோம். கடிதமும் நகலும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், அது கெடும் நாளில் இரண்டும் போகும். டிஸ்க்கில் நூற்றுக்கு எண்பது நிரம்பியதும் என் கைத்தொலைபேசிக்குச் செய்தி வருகிறது. தம்பிக்கு மட்டும் வந்தால் போதாது என்பது என் அபிப்பிராயம்.

"வருமான வரிக்காக ஏழு வருஷம் வைக்க வேண்டுமே, இரண்டு வாரம் எப்படிப் போதும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மலேசியாவில் கணக்கு ஆதாரங்களை 7 ஆண்டும் சிங்கப்பூரில் 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டியது மெய்தான். அதற்காகச் சர்வர் நகல் முழுவதையும் அத்தனை காலம் சுமப்பது, ஒரு ரசீதுக்காகக் கிட்டங்கியையே பூட்டி வைப்பது போலாகும். பில், ரசீது, விலை ஒப்பிய கடிதம் ஆகியவற்றை மட்டும் ஆண்டுவாரியாகப் பிரித்து வேறோர் இடத்தில் சேர்க்கிறோம். மேலும், பிறருடைய சொந்த விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

மாதம் ஒருமுறை பழைய கடிதம் ஒன்றை நகலிலிருந்து எடுத்துக் காட்டும்படி தம்பியிடம் கேட்கிறேன். எந்தக் கடிதம் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. சென்ற மாதம் அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது.