உயர்தரம் பாஸான பிள்ளைக்கு விண்ணப்பப் பட்டியல் எழுதுவது எப்படி?



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் லயத்தில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "மூணு பாடமும் பாஸ், இனி கேம்பஸ்தான்" என்பது ஒன்று. "நமக்கெல்லாம் எங்க கேம்பஸ்? கொழும்புல கடை வேலைக்கு அனுப்பிடு" என்பது மற்றது. இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. இன்றைய பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

1. பாஸ் வேறு, தெரிவு வேறு

ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால் பிள்ளை விண்ணப்பிக்கலாம். ஆனால் இடம் கிடைப்பது இசட் புள்ளியைப் பொறுத்தது. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த புள்ளிகளோடு ஒப்பிட்டு, பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று காட்டுவதுதான் இசட் புள்ளி. ஆகவே "மூணு சி எடுத்த மாமா மகனுக்குக் கிடைச்சதே" என்று ஒப்பிட வேண்டாம்.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன: 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பதினாறில் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலை அடங்காது. கலைத்துறைக்கு அகில இலங்கைத் திறமையையே பார்ப்பார்கள். ஒரு மாவட்டத்தில் குடியிருந்து வேறு மாவட்டத்தில் படித்த பிள்ளை எந்த மாவட்டம் என்பதைக் கைநூலில் உள்ள விதிப்படி பாருங்கள். நம் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது.

2. பட்டியலை எழுதும் முறை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. அதில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து யூனி-கோட் என்ற குறியீடு இருக்கும். அந்தக் குறியீடுகளைத்தான் விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும்.

பலருக்கும் உள்ள பயம் இது: "பெரிய இடத்தை மேலே போட்டா, கீழே உள்ளதும் போயிடுமே." அப்படிப் போகாது. முதல் விருப்பத்துக்குப் புள்ளி பத்தாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. ஆகையால் வரிசையை ஆசைப்படி எழுதுங்கள், நீளத்தைப் புள்ளிப்படி வையுங்கள்.

முந்திய வருடங்களில் உங்கள் மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளிகளை எடுத்துக்கொண்டு மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். பிள்ளையின் புள்ளியை விடக் கொஞ்சம் மேலே உள்ளவை ஒன்று. கிட்டத்தட்டச் சமமானவை ஒன்று. நன்றாகக் கீழே உள்ளவை ஒன்று. மூன்றிலிருந்தும் பெயர் இருக்க வேண்டும். நாலைந்து பெரிய பெயரை மட்டும் எழுதிவிட்டு, கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் இருப்பதுதான் பெரிய நட்டம். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே ஒரு வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னும் மூன்று விஷயம். போக மனமில்லாத இடத்தை எழுதாதீர்கள். ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பதற்குத் தடை உண்டு. மொழியைப் பாருங்கள், பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கலைத்துறையைத் தமிழில் படிக்கலாம், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் படிப்பு ஆங்கிலத்தில். மொறட்டுவையின் கட்டடக் கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

3. செலவுக் கணக்கு

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, போன் டேட்டா, போட்டோ பிரதி எல்லாம் நம் கையிலிருந்துதான். ஹட்டனிலிருந்து பேராதனைக்குப் போகும் பிள்ளை மாதம் ஒருமுறை வீடு வரலாம். யாழ்ப்பாணம் போனால் தவணை முடிந்துதான் வரும். இரண்டுக்கும் தனித்தனியாக மாதக் கணக்கு எழுதிப் பாருங்கள்.

மகாபொல புலமைப்பரிசிலும், பல்கலைக்கழக உதவிப்பணமும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் போன மாதமே பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதல் நாலு மாதச் செலவுக்கு இப்போதே ஒரு சீட்டுப் பிடித்து வைப்பது புத்தி.

4. பக்கத்தில் இரண்டாவது பட்டியல்

பல்கலைக்கழக முடிவு வரும்வரை கை கட்டி இருக்காதீர்கள். கொட்டகலை பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி போன்றவை வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோரும். தங்குமிடமும் மாதக் கொடுப்பனவும் உண்டு. கண்டி, பதுளை உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா முழுநேரமாகப் படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ. சான்றிதழோடு தொடங்கி, படிப்படியாக டிப்ளோமா, பட்டம் வரை ஏறும் வழியும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. கண்டியிலும் ஹட்டனிலும் நிலையம் உள்ளது. விண்ணப்பிப்பது வேறு, பதிவு செய்வது வேறு. பல இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், பதியுமுன் விதியைப் படியுங்கள்.

நகரத்தில் பெரிய போர்டு போட்ட தனியார் நிறுவனத்துக்காகக் காதில் கிடப்பதை அடகு வைக்க ஓடாதீர்கள். பட்டமென்றால் அதைக் கொடுக்க அரச அங்கீகாரம் உண்டா, தொழிற்பயிற்சியென்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று கேளுங்கள். முதல் தவணைக் காசை மட்டும் கேட்காமல், கடைசி வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

5. பத்திரங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? தகப்பன் பெயர் ஒன்றில் "முத்தையா", இன்னொன்றில் "முத்தையன்" என்று இருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். இதைத் திருத்த நாள் எடுக்கும், கடைசி வாரத்தில் முடியாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். விண்ணப்பம் இணையத்தில் போடுவதால், கடையில் அடிக்கக் கொடுத்தாலும் பிள்ளை பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குறியீட்டையும் சரிபார்க்க வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் இடமே மாறும்.

வீட்டுப் பயிற்சி

ஒரு கொப்பித் தாளில் நாலு கோடு போடுங்கள்: இடம், போன வருட வெட்டுப்புள்ளி, படிக்கும் மொழி, மாதச் செலவு. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து நிரப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் மாதச் செலவுக் கணக்கு நன்றாகவே தெரியும். அவரைக் கேட்காமல் அந்தக் கோட்டை நிரப்ப வேண்டாம். நிரப்பிய தாளைப் பாடசாலை ஆசிரியரிடமோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ கொண்டு வாருங்கள். கடைசித் திகதிக்கு இரண்டு வாரம் முன்னே வந்தால் திருத்த நேரம் இருக்கும்.