மரியாதைக்கு இடம் இலக்கத்தகடா?

முன்னாள் படையினருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் தனி அடையாளம் பொறித்த இலக்கத்தகடு கொடுப்பது அமெரிக்காவில் ஊறிப்போன வழக்கம். போரில் காயப்பட்டுப் பதக்கம் பெற்றவருக்கு ஒரு வகை, பிள்ளையையோ துணையையோ களத்தில் பறிகொடுத்த வீட்டாருக்குத் தங்க நட்சத்திரம் போட்ட இன்னொரு வகை என்று மாநிலத்துக்கு மாநிலம் தினுசு தினுசாக உண்டு. இலங்கையில் யுஹ, நாஹ, குஹ என்ற சிங்கள எழுத்துத் தகடுகள் படைகளின் சொந்த வாகனங்களுக்கு மட்டுமே. ஓய்வுபெற்ற சிப்பாயின் மோட்டார் சைக்கிளுக்கும் உங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே வரிசைதான். அதை மாற்றி, இங்கேயும் அமெரிக்க பாணி கௌரவத் தகடு வேண்டும் என்று யாரும் கேட்டால் என் பதில் இதுதான்: மரியாதை தாராளமாக இருக்கட்டும், தகட்டை விட்டுவிடுங்கள். கொழும்புப் புறக்கோட்டையில் லொறிகளோடும் ஓட்டோக்களோடும் மல்லுக்கட்டிப் பிழைக்கிறவர்கள் தகட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்தும், இந்தத் தீவு ஒருமுறை தகட்டை வைத்துப் பட்ட பாட்டிலிருந்தும் வந்த முடிவு இது.

முதலில் தகடு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு லொறி பின்னோக்கி வந்து நின்றதும் கடைக் கணக்குப்பிள்ளை பில்லில் எழுதுவது அந்த மஞ்சள் பின்தகட்டின் இலக்கத்தை. மூட்டை இறக்கும் நாட்டாமி கூவுவதும் அதைத்தான், வழியை மறித்ததற்குத் தண்டப் பத்திரம் எழுதும் பொலிஸ்காரர் பார்ப்பதும் அதைத்தான். சாரதி யார், என்ன மதம், எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவேண்டியதில்லை. முன்கண்ணாடியில் பிள்ளையார் படமும் பம்பரில் புத்தர் ஸ்டிக்கரும் இருக்கலாம். அவை வண்டிக்காரரின் பேச்சு. தகட்டின் மூலையிலோ அரச இலச்சினை இருக்கிறது. ஆகவே அந்தச் சதுரத்தில் எது ஏறினாலும் அது அரசின் பேச்சு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு வீரர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் கொடியோடு ஒரு தகடு கேட்டார்கள். மாநிலம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, சிறப்புத் தகட்டில் இருப்பது அரசின் கூற்று, ஆகவே எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று அரசே தீர்மானிக்கலாம் என்றது. நூற்றுக்கணக்கான தினுசுகளை அனுமதித்துவிட்டு ஒன்றை மட்டும் மறுப்பது ஒருவரின் கருத்தை நசுக்குவதாகாதா என்று சிறுபான்மை நீதிபதிகள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பு வாதமும் நமக்கு ஒரே எச்சரிக்கையைத்தான் தருகிறது. கௌரவத் தகடு என்ற கதவைத் திறந்தால், யாருடைய வீரர் வீரர் என்ற கேள்வி பின்னாலேயே நுழையும்.

அந்தக் கேள்வியின் விலை நமக்குத் தெரியும். 1958இன் தொடக்கத்தில் வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசித் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில், கொழும்பிலுங்கூட, தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரில் முழுகின. முந்தைய ஆண்டு அக்கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைப் பிரதமர் பண்டாரநாயக்க ஏப்ரல் 9ஆம் திகதி கைவிட்டார். மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. ஓர் எழுத்துதான் அத்தனைக்கும் காரணம் என்றால் அது மிகை. சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டமும் கட்சி அரசியலும் ஏற்கெனவே விறகை அடுக்கியிருந்தன. ஆனாலும் ஊர் ஊராக ஓடும் தகடு சண்டையை எவ்வளவு சுலபமாக ஊர் ஊராகக் கொண்டுபோகும் என்பது அன்று தெரிந்தது.

ஸ்ரீ கட்டாயமாக வந்தது, கௌரவத் தகடு விரும்பியவருக்கு மட்டும்தானே என்று கேட்பீர்கள். வேறுபாடு உண்மைதான். ஆனால் தகட்டை எடுத்தவரோடு அதன் பாதிப்பு முடிவதில்லை, எடுக்காதவரையும் அது அடையாளம் காட்டிவிடும். சோதனைச் சாவடியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாகனங்களில் ஒன்றுக்குச் சலாமும் மற்றதற்கு டிக்கி திறப்பும் கிடைக்க எழுத்தில் ஒரு சட்டமும் வேண்டாம், தகடே போதும். சலுகை இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் போலியும் வரும். சென்னையில் தனியார் வாகனங்களின் தகட்டில் ஆர்மி, பொலிஸ், பிரஸ் என்றெல்லாம் ஒட்டித் திரிவது பெருகிப்போய், 2024 மே மாதம் முதல் போக்குவரத்துப் பொலிஸார் நடவடிக்கையில் இறங்கவேண்டி வந்தது. அரசே அடையாளத்தை விற்கத் தொடங்கினால் அசல் எது நகல் எது என்று தெருவில் நின்று பிரிப்பது இன்னும் கடினம்.

கால் இழந்தவருக்கும் கணவனை இழந்தவளுக்கும் நாடு நன்றி காட்டவேண்டாமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. காட்டவேண்டும். அதற்காகத்தான் 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஓய்வூதியம் காலத்துக்குக் கிடைப்பது, செயற்கைக் கால் பழுதானால் உடனே சரிசெய்து தருவது, பிள்ளையின் படிப்பு தடைப்படாதது, இவைதான் வீட்டுக்குள் போய்ச் சேரும் நன்றி. நினைவுச் சின்னம் வாங்கும்போது பணம் யாருக்குப் போகிறது என்று கேட்கவும் கொழும்புக்காரர்கள் என்றோ கற்றுக்கொண்டார்கள். போர் நினைவு நாளான நவம்பர் 11இல் விற்ற பொப்பி மலரின் வருமானத்தில் பெரும்பங்கு பிரித்தானிய வீரர்களுக்கே போகிறது என்று, 1930களின் தொடக்கத்தில் இங்கிருந்த முன்னாள் படையினர் அதே நாளில் பூவரசம்பூ விற்கக் கிளம்பினார்கள். சூரியமல் இயக்கம் என்று அது பெயர் பெற்றது. கௌரவத் தகடு என்ற யோசனையோடு யார் வந்தாலும் நீங்களும் முதலில் இதைக் கேளுங்கள்: கட்டணத்தில் எத்தனை ரூபாய் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகும்?

அடுத்துக் கேட்கவேண்டியது, இழப்பின் வரிசையில் யார் விடுபடுகிறார்கள் என்பது. 1987 ஏப்ரல் 21இல் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2019இல் அதே ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் போனவர்கள் குண்டுவெடிப்பில் செத்தார்கள். இவர்களில் சீருடை போட்டவர் எத்தனை பேர்? வடக்கில் காணாமல்போன பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்க்கு எந்தத் தகட்டைக் கொடுப்பது? எல்லோருக்கும் ஒவ்வொன்று என்றால் தெரு முழுக்கப் போர் ஓடும். சிலருக்கு மட்டும் என்றால் மற்றவர்களின் சாவு குறைந்த சாவு என்று அரசு இலச்சினை போட்டுச் சொன்னதாகும். ஒரு முன்னாள் சிப்பாய் தன் படைப்பிரிவின் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் பெருமையாக ஒட்டிக்கொண்டால் அது அவர் உரிமை, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவருக்கு அரசு தரவேண்டியதை அரசு அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் தரட்டும். தகட்டில் இலக்கம் மட்டும் இருக்கட்டும். புறக்கோட்டை நெரிசலில் எல்லா வண்டியும் சமமாக நிற்க இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் அதுதான்.