நாட்டியத்தில் பட்டம் படிக்க விரும்பும் அம்மணிக்கு



பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும் பொறியியலுக்கோ செவிலியர் படிப்புக்கோ போகாமல் பரதநாட்டியத்தில் இளங்கலைப் பட்டம் படிக்க விரும்புவதாகவும், அதைக் கேட்டதிலிருந்து உன் தகப்பனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவர்மேல் வருத்தம் கொள்ளாதே. சிறு வயதிலேயே நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து, வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணெரிந்து, எந்தச் சான்றிதழும் இல்லாமல் கைத்திறன் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருவருக்கு, கையாலும் காலாலும் பழக வேண்டிய ஒரு வித்தைக்குச் சர்வகலாசாலை எதற்கு என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அந்தச் சந்தேகத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனாலும் நீ சேர வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நாட்டியம் நம் நாட்டில் பட்டப்படிப்பான வரலாற்றை நீ அறிந்துகொள்வது நல்லது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சைச் சகோதரர் நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒழுங்குபடுத்திய கச்சேரி முறை, நட்டுவனார் வீட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்தது. 1880-இல் தஞ்சை அரச வம்சத்துப் பெண்ணொருத்தி பரோடா மகாராஜா மூன்றாம் சயாஜிராவுக்கு வாழ்க்கைப்பட்டதை ஒட்டி, நம் நாட்டியக்காரர்களும் அவர்களோடு நட்டுவனார்களும் அந்தச் சமஸ்தானத்தில் குடியேறினார்கள். அந்த வழியில் வந்த குபேர்நாத் தஞ்சாவூர்க்கர், சுதந்திரத்துக்குப் பிறகு பரோடாவில் எழுந்த சர்வகலாசாலையில் நாட்டிய ஆசிரியரானார்; கலாக்ஷேத்திரத்தில் பயின்ற மோகன் கோகர் அந்தத் துறைக்குத் தலைவரானார். ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரமோ, அவ்வளவு கீர்த்தி பெற்றும், தன் மாணவர்களுக்கு டிப்ளமாவே கொடுத்து வந்தது. காவிரிக் கரையில் பிறந்த கலைக்குக் குஜராத்தில் பட்டம் கிடைத்தபோது அங்கே பாடம் சொன்னவர் ஒரு நட்டுவனார் மரபினர் என்பதை மறவாதே. சர்வகலாசாலை தானாக நாட்டியத்தை உண்டாக்கிவிடவில்லை. திண்ணையில் இருந்த ஞானத்தை அழைத்து உட்கார வைத்துக்கொண்டது.

சர்வகலாசாலை திருப்பிக் கொடுத்ததும் உண்டு. டாக்டர் பத்மா சுப்ரமணியம் நூற்றெட்டுக் கரணங்களை ஆராய்ந்து பட்டம் பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். தஞ்சைப் பெரிய கோயிலில் எண்பத்தொரு கரணங்களைச் செதுக்கிய சிற்பி எஞ்சிய கற்களை வெறுமையாக விட்டுச் சென்றிருக்கிறான். கல்லில் உறைந்து நிற்கும் அந்த நிலைகளை நாட்டிய சாஸ்திரத்தோடு ஒப்பிட்டு, அவற்றை அசைவுகளாகப் படித்து, மேடையில் ஆடிக் காட்டும் காரியம், நூலகமும் சமஸ்கிருதமும் சிற்ப ஞானமும் இல்லாத ஒரு மாலை நேர வகுப்பில் நடந்திருக்க முடியாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் 1926-இல் நாட்டியத்தைப் பட்டப்படிப்பாக நிலைநாட்டிய மார்கரெட் ஹெடூப்ளர், உடல் அசையும் விதத்தைக் காட்ட, வகுப்பறையில் ஓர் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். நீயோ ஆறு வயது முதல் அரைமண்டியில் அமர்ந்து வருகிறாய். உன் முழங்கால் எப்படி வேலை செய்கிறது என்று இதுவரை யாரும் உனக்குச் சொன்னதில்லை.

இனி என் சந்தேகத்தைச் சொல்கிறேன். பருவத் தேர்வு என்ற ஏற்பாடு இந்த வித்தைக்குப் பகையானது. ஒரு வர்ணம் சரீரத்தில் ஊறுவதற்கு வருஷங்கள் வேண்டியிருக்க, சில மாதங்களில் கற்று, தேர்வாளர் முன் ஆடி, மதிப்பெண் வாங்கி, அடுத்த பருவத்தில் அதை மறந்துவிட்டு வேறொன்றைத் தொடங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களிற் பலர் பதிவு செய்த பாட்டுக்கு ஆடியே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பாட்டு எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது அவர்கள் கையில் இல்லை.

ஆகையால் நான் உனக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றே: நட்டுவாங்கத்தைக் கற்றுக்கொள். இரும்பால் ஒன்றும் வெண்கலத்தால் ஒன்றுமாகச் செய்த அந்தத் தாளத்தைக் கையில் எடுத்து, ஓரத்தில் தட்டும்போது ஒலி நீள்வதையும், அழுத்தித் தட்டும்போது அது அடங்குவதையும் காதால் பழகி, வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே ஆடுகிறவளின் பாதத்தைப் பார்க்கத் தெரிந்தவளுக்குத்தான் நாட்டியம் சொந்தமாகிறது. பாடவும் கற்றுக்கொள், குரல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. பாடத்திட்டத்தில் இவை உண்டு, ஆனால் இவற்றுக்கு ஒதுக்கிய நேரம் போதாது. மீதியை நீயே கேட்டு வாங்க வேண்டும். இப்போது கற்றுத்தரும் ஆசிரியையையும் விட்டுவிடாதே.

ஜீவனம் பற்றி உன் தகப்பனாருக்கு உண்மையைச் சொல். மேடையில் ஆடிச் சம்பாதிப்பவர்கள் மிகச் சிலர். ஆடுவதற்குத் தாமே செலவழிப்பவர்கள்தாம் அதிகம். கற்பிக்கும் வேலை உண்டு. பள்ளிகளில் நாட்டிய ஆசிரியை வேண்டும். சேலத்து மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவிலோடு பரதநாட்டியமும் மூன்றாண்டுப் படிப்பாக நடக்கிறது; அதற்கும் ஆசிரியர் வேண்டும். முதுகலை முடித்தால் யூஜிசியின் நெட் தேர்வில் நாட்டியத்துக்கும் இடமுண்டு. சொந்த வகுப்பு நடத்தும்போது பெற்றோர் முதலில் கேட்பது பட்டத்தைத்தான்.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொட்டியம், முசிறி வழியாகப் பஸ் ஏறினால் திருச்சிராப்பள்ளி. அங்கே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது நரசிம்மர் குடைவரைக்குப் போய்த் திரிவிக்கிரமர் சிற்பத்தின் முன் நில். எல்லோரும் ஓங்கிய காலைப் பார்ப்பார்கள், நீ ஊன்றிய காலைப் பார். நம் பக்கத்து வள்ளி கும்மியையும் சேலத்துக் கூத்தையும் கிராமத்து ஆட்டம் என்று ஒதுக்காமல், உன் ஆய்வேட்டுக்கு விஷயமாக எடுத்துக்கொள். அவற்றைப் பற்றி எழுத இந்த மண்ணில் பிறந்து ஆடவும் தெரிந்தவர்கள் வேண்டும்.

இக்கடிதத்தை உன் தகப்பனாரிடம் கொடு. மூன்று வருஷம் பொறுத்திருக்கும்படி நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். அவர் சம்மதித்ததும் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.