ஊர்க்காரரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: சாமை அரவை ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் என் குழுவில் சிலரை நிறுத்தப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. எல்லோரும் என் ஊர்க்காரர்கள். எப்படிச் சொல்வேன்?
- வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: இப்படிக் கேட்கிற மேற்பார்வையாளர் கிடைத்ததே அவர்களுக்கு ஒரு பலம்தான்.

முதலில் பெயர், தேதி, தொகை மூன்றையும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் சட்டப்படி உண்டு. பொதுவாக, கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் நிறுத்தலாம். மாற்றினால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். பட்டியல் அப்படி இல்லையென்றால் இப்போதே கேளுங்கள்.

பிறகு ஒரே நாளில், ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். காலையில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். ஆறுதலுக்காக, "பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி, கைக்கு வந்த வேறு வேலையை அவர் விட்டுவிடக்கூடும். தொகையைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பி.எஃப். கணக்கில் ஆதார், வங்கி விவரம் சரியாக இருக்கிறதா என்று கூடவே உட்கார்ந்து பாருங்கள். அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கையில் கொடுங்கள்.

அன்று மாலையே, வேலையில் தொடர்பவர்களையும் கூட்டிப் பேசுங்கள். அவர்களுக்கும் பயம் இருக்கும்.