வயல் மண்ணின் உயிரை அளக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தாமிரபரணிப் பாசன வயல்களின் நுண்ணுயிர்களைக் கொழுப்பு அமிலங்களை வைத்து ஆராயப் போவதாக எழுதியிருந்தாய். டி.என்.ஏ. வரிசை படிக்கும் காலத்தில் இது பழைய முறை ஆயிற்றே என்ற தயக்கமும் உன் கடிதத்தில் தெரிந்தது. தயங்காதே. நுண்ணுயிர் செத்த பிறகும் அதன் டி.என்.ஏ. மண்ணில் நெடுநாள் கிடக்கக்கூடும். நீ அளக்கும் கொழுப்பு அமிலங்களைத் தாங்கும் செல் சவ்வின் பாஸ்போலிப்பிட் அப்படியல்ல. உயிர் போன கொஞ்ச நாளிலேயே நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஆகவே நீ அளப்பது பெரும்பாலும் இப்போது உயிரோடிருப்பவற்றின் கணக்கு. பெயர்ப்பட்டியல் வேண்டுமானால் டி.என்.ஏ.விடம் போகலாம். எவ்வளவு உயிர் இருக்கிறது, எந்தப் பெரும்பிரிவு கூடியது, எது குறைந்தது என்று அறிய இந்த முறை போதும். அதற்கு மேல் அதைப் பேசவைக்காதே. நான் சொல்ல வந்ததில் பாதி அதுதான்.

வேலை வயலில் தொடங்குகிறது. மண் பரிசோதனைக்குக் கொடுக்க நம் விவசாயிகள் மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்துப் பையில் கட்டுவார்கள். சத்துகளை அளக்க அது சரி. உனக்கு ஆகாது, உலரும் நாட்களிலேயே நுண்ணுயிர்க் கூட்டம் மாறிப்போகும். எடுத்த மண்ணை வரப்பிலேயே ஐஸ் பெட்டியில் வை, அன்றே உறையவை, பிறகு உறைநிலையிலேயே உலர்த்து. பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு வயல்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிட ஆசை வரும். நம் ஊர் வெயிலில் பெட்டி தாங்காது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சில வயல்கள், மருதூர்ப் பக்கம் சில வயல்கள் என்று நிறுத்திக்கொண்டு அவற்றை ஒழுங்காக எடு.

ஒவ்வொரு வயலின் கதையையும் கேட்டு எழுதிக்கொள். கார் பருவம் மட்டுமா, பிசானப் பருவமும் உண்டா? தண்ணீர் எத்தனை நாள் கட்டி நின்றது? தொழி உழவில் கொழிஞ்சி மிதித்தார்களா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் வயலில் மணல் ஏறியதா? ஏறியிருந்தால் நீ எடுக்கும் மேல்மண் அந்த வயலின் பழைய மண்ணே இல்லை. இந்தக் குறிப்புகள் இல்லாமல், கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (வாயு நிறப்பகுப்பு) கருவியின் வரைபடத்தைப் படிக்க முடியாது.

பிரித்தெடுக்கும் முறை பிளையும் டயரும் 1959இல் வெளியிட்டது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் மீன் தசையின் கொழுப்புக்காக அவர்கள் வகுத்தது இன்று உலகமெங்கும் மண்ணுக்கும் பயன்படுகிறது. குளோரோஃபார்ம் 1, மெத்தனால் 2, தாங்கல் கரைசல் 0.8 என்ற விகிதத்தை மாற்றாதே. மண்ணின் ஈரத்தையும் அந்தத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; கண்ணாடியும் டெஃப்லானும் தவிர வேறெதுவும் வேண்டாம். கையுறை கட்டாயம். மதியச் சாப்பாட்டின் நல்லெண்ணெய் விரலில் ஒட்டியிருந்தால் அதில் லினோலிக் அமிலம் ஏராளம். அது உன் பூஞ்சைக் கணக்கில் போய் விழும்.

அந்த லினோலிக் அமிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 18 கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்பும் கொண்ட அதைப் பூஞ்சையின் அடையாளமாக எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அது செடியின் வேரிலும் உண்டு. நெல் வயல் மண்ணில் நூல் நூலாக வேர் ஓடிக் கிடக்கும். சலித்த பிறகும் இடுக்கியால் பொறுக்கி எடுக்காவிட்டால், பயிர் தழைத்த வயலெல்லாம் பூஞ்சை மிகுந்த வயலாகத் தெரியும். தொழுவுரத்தால் பூஞ்சை பெருகியது என்று கட்டுரையும் எழுதிவிடலாம். பெருகியது வேராக இருக்கும். சில மாதிரிகளில் எர்கோஸ்டீராலையும் அளந்துவிடு. அது பூஞ்சையின் சவ்வுக்கு உரியது, நெல் வேரில் கிடையாது. இரண்டும் ஒரே திசையில் போனால் துணிந்து எழுது.

சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதும் ஆபத்து. பாக்டீரியா பாதியாகக் குறைந்தாலே பூஞ்சையின் பங்கு தானாக ஏறும், பூஞ்சை ஒரு துளியும் வளராமலே. மண்ணில் அரிதான, நேர்ச்சங்கிலி கொண்ட 19 கார்பன் நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தை அளந்து சேர்த்து, ஒரு கிராம் உலர்மண்ணுக்கு எத்தனை நானோமோல் என்று கணக்கிடு.

இனி இந்த முறைக்குக் கண் தெரியாத இடம். தண்ணீர் கட்டிய வயலில் மீத்தேனை உண்டாக்குபவை ஆர்க்கியா. அவற்றின் சவ்வில் கொழுப்பு அமிலமே இல்லை. ஈதர் பிணைப்பில் கோத்த வேறு சங்கிலிகள். பிசானத்தின் நடுவில் சேற்றிலிருந்து குமிழி குமிழியாக வாயு வந்துகொண்டிருக்கும்போதும் உன் வரைபடத்தில் அவற்றின் சுவடு இராது. இல்லை என்று எழுதிவிடாதே. மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் சிலவற்றுக்குத் தனி அடையாளக் கொழுப்பு அமிலங்கள் உண்டு; வேரோரத்திலும் சேற்றின் மேற்படலத்திலும் தேடினால் கிடைக்கலாம். சொல்லப்போனால், பொதுவான பட்டியலை விட இந்த ஒரு கேள்வியே உன் ஆய்வுக்குப் பெறுமானம் தரும் என்று நினைக்கிறேன்.

முதல் மாதிரிகளுக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அனுமதி கேள். 1937 முதல் இயங்கும் இடம், ஏ.எஸ்.டி. 16 அங்கே பிறந்த நெல்தான். என்ன விதைத்தார்கள், என்ன உரமிட்டார்கள் என்று எழுதிவைத்த நிலம் கிடைப்பது பெரிய வசதி. அங்கே முறை கைக்கு வந்த பிறகு விவசாயிகளின் வயலுக்குப் போ.

முதல் தொகுதியை ஓட்டியதும் வரைபடங்களை அனுப்பு. மண்ணே போடாமல் ஓட்டிய வெற்றுக் குழாயின் வரைபடத்தையும் மறக்காமல் சேர். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்