ஜவ்வரிசி மேல் ஏறிப்போன வீடு

புனேவுக்கு மாற்றல் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, கிரைண்டரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஏற்கெனவே ஒருமுறை சென்னைக்கு வீடு மாற்றிச் சூடுபட்டவர்கள் நாங்கள். போனில் பேசிய தொகைக்கு மேல் 9,000 ரூபாய் கொடுத்தால்தான் சாமானை இறக்குவோம் என்று வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இரவு பத்து மணி, எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. கொடுத்துவிட்டேன். கையில் எழுத்தாக எதுவும் வாங்கி வைக்காதது என் தப்பு.

இந்த முறையும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் மூன்று தரப்பு வந்து பார்த்தார்கள். மூவரும் சொன்னது 40,000-ஐ ஒட்டித்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்காக ஒரு வண்டி போனால், அது காலியாகத் திரும்பி வரும் டீசலையும் நாம்தானே கட்ட வேண்டும்?

அப்போதுதான் சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். "புனேவுக்கா மாமா? அந்தப் பக்கம் ஜவ்வரிசி போயிட்டேதான இருக்கு" என்றார். சேலம், தருமபுரிப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகி மகாராஷ்டிரத்துக்குப் போவது எனக்கும் தெரியும். அங்கே விரத நாள் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடிதான். என் பீரோவையும் அதோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "மூட்டை ஏத்துனதும் எடை முடிஞ்சிரும், மேல காத்துதான் போவும். உங்க சாமான்ல எடை ஏது, இடத்தத்தான அடைக்கும்" என்றார். பார்ட் லோடாக 9,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். ஒரே நிபந்தனை: மண்ணெண்ணெய், பினாயில், மசாலா எதுவும் கூடாது. ஜவ்வரிசியில் வாடை ஏறிவிடுமாம்.

வெளியூருக்குக் குடிபோகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: நம் ஊரிலிருந்து அந்த ஊருக்கு என்ன சரக்கு போகிறது? அல்லது அங்கிருந்து இங்கே இறக்கிவிட்டு எந்த லாரி காலியாகத் திரும்புகிறது? ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று நாளை மட்டும் கொஞ்சம் தளர்த்திப் பேசுங்கள். வாடகை இறங்கும்.

அடுத்தது, எதை விட்டுவிட்டுப் போவது. கட்டிலை விற்றோம். அம்மியும் ஆட்டுக்கல்லும் பென்னாகரத்தில் மாமியார் வீட்டுக்குப் போயின. பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே புதிதாக வாங்குவது மலிவு. ராகி மாவை மட்டும் என் மனைவி விடவில்லை, பத்துக் கிலோ வந்தது. புனேயில் நாச்சணி என்று கடைக்குக் கடை விற்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

பேக்கிங்குக்கு அட்டைப்பெட்டி வாங்கிச் செலவழிக்கவில்லை. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றும் பழைய கிரேடுப் பெட்டி 15 வாங்கினேன். பாத்திரம், புத்தகம், சாமி படம் எல்லாம் அதற்குள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாலும் நசுங்காது. துணிமணியைச் சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைத்தாயிற்று. கண்ணாடிச் சாமானுக்குப் பழைய சேலைதான். ஃபிரிட்ஜை நிற்கவைத்தே கட்டச் சொல்லுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது கழற்றிய போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள்.

வழியில் சோதனை வந்தால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை, ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. சாமான் பட்டியல், 'உபயோகித்தவை, விற்பனைக்கு அல்ல' என்று ஒரு கையெழுத்து, மாற்றல் உத்தரவின் நகல் மூன்றையும் டிரைவரிடம் கொடுத்தேன். பெட்டி பிரிக்காத புது டி.வி. ஏதாவது இருந்தால் அந்தக் கதை வேறு.

பைக்கை ரயிலில் அனுப்பினேன். குர்லா எக்ஸ்பிரஸ் தருமபுரி வழியாகத்தான் புனே போகிறது. ஆனால் கொஞ்ச நேரமே நிற்கும் ஸ்டேஷனில் பைக்கை ஏற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் ஜங்ஷனுக்கே ஓட்டிப்போனேன். நாம் போகும் ரயிலிலேயே டிக்கெட்டோடு சேர்த்து அனுப்புவது லக்கேஜ், கட்டணம் கூடுதல். டிக்கெட் இல்லாமல் அனுப்புவது பார்சல், மலிவு. இடம் கிடைக்கும்போது போகும். டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். சாக்குச் சுற்றிக் கட்டித் தர வெளியிலேயே ஆள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேரக் கணக்கில் தண்டம் ஏறும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதானால் மறுபதிவு கட்டாயம். அதற்கான தடையில்லாச் சான்றை நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு எடுக்கலாம்.

புனேயில் லாரி மார்க்கெட்டோடு நின்றுவிட்டது. ஊருக்குள் பகலில் பெரிய வண்டிக்கு அனுமதியில்லை என்றார் டிரைவர். வீடு வரைக்கும் டாடா ஏஸ். நாம் குட்டி யானை என்கிறோம், அங்கேயும் சோட்டா ஹாத்தி என்றுதான் சொல்கிறார்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எத்தனை மாடி என்பதையெல்லாம் சாமானில் கை வைக்கும் முன்பே பேசிவிட வேண்டும். நான் மாடியைச் சொல்ல மறந்தேன், 600 ரூபாய் கூடப் போனது.

லாரி, ரயில், குட்டி யானை, கூலி, கிரேடு எல்லாம் சேர்த்து 18,700 ரூபாய். பீரோவில் உடைந்த கண்ணாடியை மாற்றிய செலவும் இதில் அடக்கம்.