பட்டாள ஜீப் உழவுக்கு உதவுமா?

பழைய பட்டாள வண்டிகளைச் சீர்செய்து பாதுகாக்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உண்டு. எந்த வண்டி எந்தச் சேற்றிலிருந்து தப்பி வந்தது என்பதே அவர்கள் கூடினால் பேசும் பேச்சு. அதில் உழவர்களுக்குப் பயன்படும் பாடமும் இருக்கிறது. ஏலத்தில் பழைய ஜீப் வாங்கி உழவுக்கு விடலாம் என்று எண்ணுவோர் அதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

போர்க்களமும் பண்ணையும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் தயாராயின. 1945-ல் வில்லிஸ் நிறுவனம் அதையே திருத்தி, பண்ணை வேலைக்கு ஏற்றது என்று விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய பட்டாள ஜீப்பே, 1948-ல் வெளிவந்த லேண்ட் ரோவருக்கு வித்தாயிற்று. ஜெர்மனியின் யூனிமாக் வண்டியோ விவசாயத்துக்காகவே பிறந்து, பின்னர் ராணுவத்துக்குச் சென்றது. இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளுக்குப் பொருந்தும்படி அதன் சக்கர அகலம் 127 செ.மீ. ஆக அமைக்கப்பட்டது.

ஜீப் ஏன் டிராக்டர் ஆகவில்லை?

பட்டாள ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் அதன் எடை சுமார் 1 டன்தான். கலப்பையை இழுக்கும் சக்தி எஞ்சினை மட்டும் பொறுத்ததல்ல. சக்கரத்தின் மேல் உள்ள எடையையும் மண்ணின் பிடிப்பையும் பொறுத்தது. எடை குறைந்தால் சக்கரம் சறுக்கும். ஆகவே பாதையில்லாத இடத்தில் ஆளையும் பாரத்தையும் கொண்டு செல்ல ஜீப் நன்று; ஆழ உழுவதற்கு ஏற்றதல்ல.

டயர் காற்று

1940-ல் வட ஆப்பிரிக்காவில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் பாலைவன ரோந்துப் படை, பின்சக்கரம் மட்டும் இயங்கும் செவ்ரலே லாரிகளிலும் மணல் மேடுகளைக் கடந்தது. டயர் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பதியும், பிடிப்புக் கூடும். டிராக்டருக்கும் இது பொருந்தும். வயலில் காற்றைக் குறைக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும்.

சறுக்கலை அளக்கும் முறை

பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் குறியிடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில், சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை வயலில் ஓட்டித் தூரத்தை அளங்கள். பின்பு உழுதுகொண்டே 10 சுற்று ஓட்டி அளங்கள். முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் குறைவு 6 மீட்டர். அதாவது சறுக்கல் 15 சதவீதம். இதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகும். உழவின் ஆழத்தைக் குறைக்கலாம். அல்லது பின்சக்கரங்களில் எடை கூட்டலாம்.

நான்கு சக்கர இயக்கம்

முன்சக்கரமும் இயங்கும் டிராக்டர் வைத்திருப்போர் அதை ஈர வயலிலும் பாரமான உழவிலும் பயன்படுத்தலாம். காய்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர இயக்கத்தை விடுவித்துவிட வேண்டும். இல்லையெனில் முன் டயர்கள் விரைவில் தேயும். பற்சக்கரங்கள் இறுகிப் பழுதாகும்.

ஆகவே, ஓரிரு ஏக்கர் உழவுக்காகப் பழைய ஜீப்பில் பணத்தை முடக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையிடம் டிராக்டரை வாடகைக்கு எடுப்பதே சிறு விவசாயிக்குச் சிக்கனம்.